மாவு பிசைந்து சரித்திரம் படிக்கலாமா?

அரசர் பெயர், ஆண்ட வருஷம், வெட்டிய குளம், நட்ட மரம். சரித்திரப் பாடம் என்றால் பல பிள்ளைகளுக்கு இவ்வளவுதான். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகும்.

கையால் செய்து சரித்திரம் படிக்கும் முறை ஒன்று இருக்கிறது. பழங்காலத்து மக்கள் தின்ற ரொட்டியைப் பிள்ளைகளே பிசைந்து சுடுவார்கள். அவர்கள் வாழ்ந்த வீட்டைக் களிமண்ணால் கட்டிப் பார்ப்பார்கள். மேல்நாட்டில் இது பழைய வழக்கம்.

தமிழ்நாட்டிலும் 2022ஆம் ஆண்டு "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடங்கியது. ஆடிப் பாடி, செய்து பார்த்து எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் திட்டம் அது. அப்படியானால் சரித்திரத்துக்கு மட்டும் ஏன் தயக்கம்?

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. அதைப் பார்ப்பதற்கு முன், பொள்ளாச்சியில் கிடைத்த ஒரு பானையைப் பார்த்துவிடலாம்.

வெள்ளிக் காசுப் பானை

1800ஆம் ஆண்டு பிரான்சிஸ் புக்கானன் என்ற வெள்ளைக்கார டாக்டர், கும்பினியாருக்காகக் கொங்கு நாட்டைச் சுற்றி வந்தார். கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார். பொள்ளாச்சியில் மண்ணுக்குள் கிடைத்த ஒரு பானையைப் பற்றியும் எழுதினார். அதில் இருந்தவை வெள்ளிக் காசுகள். அதுவும் ரோமாபுரிக் காசுகள்! அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற சக்கரவர்த்திகளின் காசுகள். வயது சுமார் 2,000 வருஷம்.

அவை இங்கே எப்படி வந்தன? மேற்கே மலைச் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். மேற்குக் கடற்கரையில் இறங்கிய சரக்கும் காசும் அந்த வாசல் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வந்தன. நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்ற ஊர் அந்தக் காலத்தில் பெரிய தொழில் ஊர். அங்கே கல்மணி செய்தார்கள், இரும்பு உருக்கினார்கள். தோண்டி எடுத்த பானை ஓடுகளில் ஆட்களின் பெயர்கள் பழைய தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன.

சரி, காசு கொடுத்த ரோமாபுரிக்காரன் என்ன தின்றான்? ரொட்டி தின்றான். கி.பி. 79இல் இத்தாலி நாட்டில் வெசுவியஸ் எரிமலை வெடித்தது. பாம்பே, ஹெர்குலேனியம் என்ற இரண்டு ஊர்கள் மண்ணுக்குள் மறைந்தன. அடுப்பில் இருந்த ரொட்டிகள் கருகிக் கரியாகி, அப்படியே கிடைத்தன. வட்டமான ரொட்டி, பிட்டுத் தின்ன வசதியாகக் கோடு கிழித்த ரொட்டி.

ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியில் முத்திரை இருக்கிறது. அதில் இரண்டு பெயர்கள். ஒன்று கிரானியஸ் வேரஸ் என்ற எஜமானின் பெயர். மற்றொன்று செலர். செலர் யார்? அந்த எஜமானின் அடிமை.

ராஜா பெயர் நிறைந்த பாடப் புத்தகத்தில் இப்படி ஒரு அடிமையின் பெயர் வருவது அபூர்வம். மாவு பிசைந்து கை வலித்த பிள்ளைக்கு அந்தப் பெயர் எளிதில் மறக்காது.

கம்பு ஏன் உப்புவதில்லை?

புளித்த மாவு சேர்த்துக் கோதுமையைப் பிசைந்து வைத்தால் உப்பும். கம்பு மாவை அப்படி வைத்தால் உப்பாது. கோதுமை மாவைப் பிசையும்போது இழுபடும் பசை உண்டாகி, அது காற்றைப் பிடித்துக்கொள்கிறது. கம்பிலும் ராகியிலும் அந்தப் பசை இல்லை. அதனால்தான் கொங்கு நாட்டுப் பாட்டிமார் களி கிண்டினார்கள், கம்மஞ்சோறு ஆக்கினார்கள். விளைகிற தானியம் சமையலை மாற்றுகிறது என்ற பெரிய பாடம், இரண்டு கிண்ணம் மாவில் விளங்கிவிடுகிறது.

அமெரிக்காவில் ஜான் டூயி என்ற கல்வி அறிஞர் 1896இல் சிகாகோ நகரில் ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே பிள்ளைகள் பருத்தியிலிருந்து கையால் கொட்டை நீக்கிப் பார்த்தார்கள. ஒரு குழுவாகப் பிள்ளைகள் அரை மணி நேரம் பாடுபட்டார்கள். கிடைத்த பஞ்சு ஒரு அவுன்ஸ் கூட இல்லை! இயந்திரம் வருவதற்கு முன் பருத்தித் துணி ஏன் அருமையாக இருந்தது என்று அவர்கள் விரல்களே சொல்லிவிட்டன. 1888இல் முதல் பஞ்சாலை வந்த கோயம்புத்தூர்ச் சீமையில் இந்தப் பாடத்துக்குப் பஞ்சமா?

பழைய காயம்

இனி, அந்தத் தயக்கம். கைத்தொழில் வழியே படிப்பு என்று 1937இல் காந்தியடிகள் ஆதாரக் கல்வியைச் சொன்னார். அது வேறு. தமிழ்நாட்டார் மனத்தில் நிற்பது 1953தான்.

அந்த வருஷம் முதலமைச்சர் ராஜாஜி கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைக்குத் தினம் 3 மணி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டுத் தொழில் கற்க வேண்டும். நாவிதர் மகன் கத்தியையும், சலவைத் தொழிலாளி மகன் வெள்ளாவியையும்தான் பிடிக்க வேண்டுமா என்று பெரியாரும் மற்றவர்களும் கொதித்தார்கள். "குலக்கல்வி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1954இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் போயிற்று. அது கைவிடப்பட்டதை அறிவித்த கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிக்குப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர்.

அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில், குடும்பத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. தமிழக அரசு அதை 2024இல் ஏற்க மறுத்தது.

ஆகவே, "மாவு பிசையவா பள்ளிக்கு அனுப்பினோம்?" என்று ஒரு தாய் கேட்டால், அது அறியாமை அல்ல. நியாயமான கேள்வி.

ஆனால் வேற்றுமை தெளிவானது. 1953இல் தகப்பன் தொழில் மகனுக்கு. இங்கே எல்லாத் தொழிலும் எல்லாப் பிள்ளைக்கும். தோப்புக்காரர் மகனும் மண் குழைக்க வேண்டும். தேங்காய் உரிப்பவர் மகள் ரோமாபுரி வரைபடம் எழுத வேண்டும். பையனும் மாவு பிசைய வேண்டும். பாத்திரமும் கழுவ வேண்டும். பெண்களைச் சமையலுக்கும் பையன்களைக் கோட்டை கட்டவும் பிரித்துவிட்டால், பழைய திட்டம் கொல்லைப்புறமாக நுழைந்துவிடும்.

இன்னொரு கூத்தும் உண்டு. "மாடல் செய்து வா" என்று பள்ளியில் சொல்வார்கள். இரவு பதினொரு மணிக்கு அப்பா தெர்மாகோல் வெட்டுவார், அம்மா பசை தடவுவார், பிள்ளை தூங்கும். மறுநாள் தஞ்சைப் பெரிய கோயில் பரிசு வாங்கும்! பரிசை அப்பாவுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

செய்வதைப் பள்ளியிலேயே செய்யட்டும். தீ மூட்டும் வேலை ஆசிரியருடையது. அடுப்புக்கூடு இல்லாவிட்டால் இரும்புச் சட்டியை மூடி வைத்து ரொட்டி சுடலாம். செங்கல் துண்டு, தென்னை ஓலை, கொட்டாங்குச்சி எல்லாம் பொள்ளாச்சியில் காசில்லாமல் கிடைக்கும்.

ஒன்றுமே முடியாத பள்ளியிலும் ஒன்று முடியும். ஒவ்வொரு பிள்ளையும் களிமண்ணில் சிறு சட்டி செய்து, கொடுமணல்காரர் போல் அதில் தன் பெயரைக் கீறட்டும். காய்ந்ததும் சூளையில் சுட்டு வாங்கி, உடைத்துப் பள்ளி மைதான மூலையில் புதைக்கட்டும். அடுத்த வருஷத்து வகுப்பு அதைத் தோண்டி எடுத்து, ஓடுகளைப் பொருத்தி, யார் யார் இங்கே இருந்தார்கள் என்று கண்டுபிடிக்கட்டும்.