ஈரம் காயும்முன்

சிங்கப்பூரில் 2021 ஜூலை 31 முதல் பள்ளிகளிலும் பாலர், முதியோர் பராமரிப்பு நிலையங்களிலும் நடப்புக்கு வந்த சுற்றுப்புறத் துப்புரவு விதிகளை வரவேற்கிறோம். தோ பாயோ போல மூத்தோர் நிறைந்த பேட்டையில் வேலை செய்யும் எவருக்கும் அவற்றின் தேவை தெரியும். எங்கள் குறை வேறு. எத்தனை முறை துடைக்க வேண்டும், யார் பொறுப்பு என்பதை விதிகள் சொல்கின்றன. கிருமிநாசினி மருந்து என்ன வீரியத்தில், எத்தனை நிமிடம் ஈரமாக நின்றது என்பதைப் போத்தலின் சிட்டையிடம் விட்டுவிடுகின்றன.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. நாற்கூட்டு அம்மோனியம் (குவாட்) வகை மருந்தைத் தெளித்த கையோடு துடைத்து எடுத்தால் கிருமி முழுதாகச் சாவதில்லை. அந்த வகையைச் சேர்ந்த பென்சல்கோனியம் ஆவியாகிப் போகும் பொருளுமல்ல. கைப்பிடியில் மெல்லிய படலமாகத் தங்கி, கிருமியைக் கொல்லாத அளவில் பழக்கிக்கொண்டே இருக்கும். அந்த மருந்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்புகளுக்கான கியூஏசி மரபணுக்கள், கிருமிகள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் மரபணு வளையங்களான பிளாஸ்மிட்களில் பயணிப்பவை. மரபணுக்களைக் கோத்துவைக்கும் வகுப்பு 1 இன்டெக்ரானில் சல்ஃபா மருந்து எதிர்ப்பு மரபணு, கியூஏசி மரபணுவுக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறது. துடைப்புத்துணி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் சேர்ந்தே வளரும்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும் விலக்கல்ல. பிரிட்டனில் போர்ட்டன் டவுன் ஆய்வாளர்கள் அதற்குப் பழக்கிய கிளெப்சியெல்லா பாக்டீரியா திரிபுகள் சில, கொலிஸ்டினையும் எதிர்க்கத் தொடங்கின. கார்பபெனம் வகை ஆண்டிபயாட்டிக் கைவிட்ட நோயாளிக்கு நாம் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று அது.

பிளீச் மிச்சம் வைப்பதில்லை, ஆனால் நீர்த்துப்போன குளோரினும் பிளாஸ்மிட் பரிமாற்றத்தைத் தூண்டும். செல்லை உடைத்து மரபணுவை வெளியே விடும். துடைத்த நீர் போய்ச் சேரும் கழிவுநீரில் புற ஊதாக் கதிருக்கும் இதே வரம்பு உண்டு: கிருமியைக் கொல்லும் அளவு அதன் எதிர்ப்பு மரபணுவைச் சிதைக்கப் போதாது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீருக்கு எதிர்ச் சவ்வூடுபரவல் காவலாக நிற்கிறது. ஆனால் குவாட் கசடில் ஒட்டிக்கொள்ளும். அங்கே அந்தக் காவல் இல்லை.

2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டிரைக்ளோசான் உட்பட 19 பொருள்களைச் சோப்பிலிருந்து விலக்கியது. பென்சல்கோனியம் உட்பட மூன்று பொருள்களைப் பற்றிய முடிவைத் தள்ளிவைத்தது. பிறகு கொவிட் வந்தது, நம் நகரம் முழுவதும் பென்சல்கோனியத்தில் நனைந்தது. அப்போது தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிட்ட பட்டியலில் வீரியமும் தொடர்பு நேரமும் இருந்தன. வைரஸுக்காக நிமிடங்களைக் குறிக்க முடிந்தவர்களுக்கு கிருமிகளின் மருந்து எதிர்ப்பாற்றலுக்காகக் குறிக்க மனம் வராதது ஏன்? 2017இல் நாடே கிருமிகளின் மருந்து எதிர்ப்புக்கு எதிரான தேசியத் திட்டம் வகுத்தது. மருத்துவர் எழுதும் ஆண்டிபயாட்டிக்குகளுக்குக் கணக்குக் கேட்கிறோம். துப்புரவுக் குத்தகைக்காரர் வாங்கும் பீப்பாய்க்கு யாரும் கேட்பதில்லை. ஒரு தளத்துக்கு இத்தனை நிமிடம் என்று விரட்டப்படும் ஊழியர் பத்து நிமிடம் காத்து நிற்க எந்தக் குத்தகை பணம் கொடுக்கிறது? பழி மட்டும் அவர் தலையில் விழுகிறது.

துப்புரவுப் பதிவேட்டில் மருந்தின் பெயர், கலவை விகிதம், ஈர நேரம் என மூன்று பத்திகளைச் சேர்க்க வேண்டும். நோய்ப் பரவல் இல்லாத நாளில் தரைக்குச் சோப்பும் தண்ணீரும் போதும் என்பதை வாரியமே எழுத்தில் தர வேண்டும். தொடுபரப்புகளுக்கு மிச்சம் வைக்காத மருந்தை முதல் தேர்வாக்க வேண்டும். குத்தகை ஒப்பந்தத்தில் காத்திருக்கும் நிமிடங்களுக்கும் கூலி சேர்க்கப்பட வேண்டும்.