ஹேக்கத்தான் வைத்தால் முளைக்குமா?

'புதுசா யோசிங்கப்பா' என்பார் மேலாளர். யோசித்தது சொதப்பினால் அப்ரைசலில் அவரே கை வைப்பார். அப்புறம் யாரும் வாய் திறப்பதில்லை என்று ஹேக்கத்தான் நடத்துவார்கள்; பீட்சா வரும், டிசர்ட் வரும், யோசனை மட்டும் வராது.

பழனிசெட்டிபட்டி வீட்டிலிருந்து நிரல் எழுதுகிறவன் நான். 'ஊர்க்காரங்களுக்குச் சொன்னதைச் செய்யத்தான் தெரியும்' என்ற பேச்சைக் கேட்டுச் சலித்துவிட்டது. தேனியிலும் கிளை உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கிராமத்துப் பெண்களைச் சேர்த்து அவர்களே பயிற்சி தருகிறார்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியை அந்தப் பெண்கள் தயாராக வைத்திருப்பார்கள். டாக்டர் திரும்பினால் போதும். இந்த ஏற்பாடு அவர்களை நம்பித்தான் நிற்கிறது. வேலைப்பளு குறைந்த இடமா அது? ஆண்டுக்கு லட்சக்கணக்கில் அறுவைகள். 1992இல் அவர்களுடைய ஆரோலேப் உள்விழி லென்ஸையே இங்கே தயாரித்து விலையை உடைத்தது.

1990களில் ஏமி எட்மண்ட்சன் அமெரிக்க மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. காரணம், அங்கே தவறைப் பயமில்லாமல் சொல்ல முடிந்தது என்றார். தவறையே சொல்ல முடியாத இடத்தில் அரைகுறை யோசனையை எவன் சொல்வான்? புது யோசனை எல்லாமே முதலில் அரைகுறைதானே.

ஆகவே முதலாளிமார்களே, பீன்பேக் வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள். 'எனக்குத் தெரியல சார்' என்கிறவனின் இன்கிரிமென்ட்டை வெட்டாமல் ஒரு வருடம் இருந்து காட்டுங்கள்.