பின்னால் உட்காருகிறவள்

மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் ஒரு பெண் எப்படி உட்கார வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. எழுதி வைக்காத சட்டம். அதை வகுத்தவர்களில் ஒருவராவது இரண்டு கால்களையும் ஒரே பக்கமாகத் தொங்கப்போட்டு, மடியில் ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்ப் பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை. போயிருந்தால் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்ளாகவே சட்டத்தைத் திருத்தியிருப்பார்.

அந்தச் சாலையை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மதுரைப் பக்கமிருந்து கொல்லத்துக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு துண்டு அது. நூற்பாலைகளுக்குப் பஞ்சு ஏற்றிய லாரி, கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிய லாரி, தென்காசிக்குப் பறக்கும் பஸ், கார்த்திகை மார்கழி வந்தால் சபரிமலைக்குப் போகும் வேன்கள், எல்லாமே அந்த வழிதான். இவற்றுக்கு நடுவேதான் வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் ஊர்க் குடும்பங்கள் ஆண்டாளைச் சேவிக்கப் போகின்றன. முன்னால் கணவர், தலையில் ஹெல்மெட். பின்னால் மனைவி, தலையில் மல்லிகைப்பூ. வலது கை அவர் தோளில். இடது கையில் அர்ச்சனைப் பை, திரும்பும்போது பால்கோவாப் பொட்டலம். பார்ப்பதற்கு லட்சணமான காட்சிதான். சினிமாப் படங்களும் தொடர்கதைச் சித்திரங்களும் இந்தக் காட்சியை அலுக்காமல் காட்டுகின்றன. தோளைப் பற்றிய அந்தக் கையைக் காதல் என்கின்றன. அந்தக் கை தோளை விட்டால் அவள் எங்கே போய் விழுவாள் என்பதை மட்டும் ஒரு கதையும் சொல்வதில்லை.

எங்கே விழுவாள் என்று நாமே பார்த்துவிடலாம். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றன. பின்னால் உட்காரும் பெண்ணும் இடப்பக்கம் பார்த்தபடிதான் உட்காருகிறாள். ஆகவே அவள் முகத்துக்கு எதிரே புளியமரமும் வயல்காடும் இருக்கின்றன. முதுகுக்குப் பின்னே லாரி இருக்கிறது. முந்திக்கொண்டு வருகிற பஸ்ஸும், எதிரே வருகிற பஸ்ஸும் அவள் முதுகுப் பக்கமாகத்தான் கடந்து போகின்றன. சாய்ந்துகொள்ள முதுகுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. வேகத்தடையில் வண்டி தூக்கிப் போடும்போது அவள் மல்லாந்து விழுந்தால் வயல் பக்கமாக விழுவதில்லை. சாலையின் நடுப்பக்கமாகத்தான் விழுகிறாள். முதலில் தரையைத் தொடுவது பெரும்பாலும் பின்னந்தலை. அந்தத் தலையில்தான் ஹெல்மெட் இல்லை. ஓட்டுபவர் குழியைக் கண்ணால் பார்க்கிறார். பார்த்ததும் அவர் உடம்பு தயாராகிவிடுகிறது. அவளுக்குக் குழி வந்திருப்பது தூக்கிப் போட்ட பிறகுதான் தெரிகிறது. பிரேக் போட்டால் அவர்மேல் சாயலாம். சட்டென்று வேகம் எடுத்தால் சாய அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்?

“ஒரு பக்கமாக உட்காருவது ஒன்றும் புதிதல்லவே, வெள்ளைக்காரச் சீமாட்டிகள் குதிரைமேலேயே அப்படித்தானே உட்கார்ந்தார்கள்” என்று படித்த நண்பர் ஒருவர் என்னிடம் வாதம் செய்தார். நல்ல வாதம். ஆனால் அது அவர் கட்சிக்கு உதவாது.

இங்கிலாந்தில் பெண்கள் குதிரைமேல் ஒரு பக்கமாக உட்காரும் வழக்கத்தை, 1382-ல் இரண்டாம் ரிச்சர்டு அரசரை மணந்து வந்த பொஹீமியா நாட்டு ஆன் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து ஆசனம் ஏறக்குறைய ஒரு நாற்காலி. கால் வைக்க ஒரு பலகை. சீமாட்டி பக்கவாட்டில் பார்த்து உட்கார்ந்திருப்பாள். குதிரையை வேறொருவர் நடத்திச் செல்வார். அப்படி உட்கார்ந்து வேகமாகப் போக முடியாது, போனால் விழுவாள். அதை அவர்கள் நன்றாகவே தெரிந்துகொண்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் சேணத்தின் முன்பகுதியில் ஒரு கொம்பு முளைத்தது. வலது தொடையை அதன்மேல் மடித்துப் போட்டுக்கொண்டு, இடுப்பையும் தோளையும் நேராக முன்னால் திருப்பிக் குதிரை போகும் திசையைப் பார்த்து உட்காரப் பெண்கள் கற்றார்கள். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் இரண்டாவது கொம்பு ஒன்றும் வந்தது. அது கீழ்நோக்கி வளைந்து இடது தொடையை மேலிருந்து கவ்விக்கொள்ளும். இடது பாதம் அங்கவடியில் இருக்கும். குதிரை மிரண்டால் இரண்டு தொடைகளையும் இரண்டு கொம்புகளோடு இறுக்கிக்கொண்டால் போதும். அதன் பிறகுதான் சீமாட்டிகள் நாலுகால் பாய்ச்சலில் வேலி தாண்டினார்கள்.

இது எவ்வளவு உறுதியான ஆசனம் என்பதை 1981 ஜூன் மாதத்தில் உலகமே பார்த்தது. லண்டனில் பிறந்தநாள் அணிவகுப்புக்காக இரண்டாம் எலிசபெத் ராணி ‘பர்மீஸ்’ என்ற குதிரைமேல் ஒரு பக்கமாக அமர்ந்து வந்துகொண்டிருந்தார். கூட்டத்திலிருந்த ஓர் இளைஞன் அவரைப் பார்த்துத் துப்பாக்கியால் ஆறு முறை சுட்டான். வெற்றுத் தோட்டாக்கள்தான், ஆனால் குதிரைக்கு அது தெரியுமா? மிரண்டு துள்ளியது. அப்போது ராணிக்கு வயது ஐம்பத்தைந்து. அவர் விழவில்லை, குதிரையைத் தட்டிக்கொடுத்து அடக்கி அணிவகுப்பைத் தொடர்ந்தார். அவருடைய தைரியத்தைப் பாராட்டுவோம். கூடவே அவர் தொடைகளைப் பற்றியிருந்த சேணத்தையும் பாராட்டுவோம்.

இப்போது நண்பருக்குப் பதில் சொல்கிறேன். ஒரு பக்கமாகத்தான் உட்கார வேண்டும் என்று பெண்ணை வற்புறுத்திய அந்தச் சமூகம், அப்படி உட்கார்ந்தவள் விழாமல் இருப்பதற்காகச் சில நூற்றாண்டுகள் செலவழித்துச் சேணத்தைத் திருத்திக்கொண்டே வந்தது. நாம் பெண்ணிடம் அதே அடக்கத்தைக் கேட்கிறோம்; கொடுப்பது 1382-ஆம் ஆண்டு ஆசனத்தை. அதிலும் அந்தக் காலத்துக் குதிரை நடந்து போயிற்று. நம்முடையது மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போகிறது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, பின்னால் ஆள் உட்காரும் மோட்டார் சைக்கிளில் நிரந்தரமான கைப்பிடி ஒன்றும், கால் வைக்கும் படியும், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது. பின்னால் இருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காகவே அந்தத் தடுப்பு. இவை இல்லாத வண்டிகளைப் பதிவு செய்யக் கூடாது என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2008-ல் சொன்னது. அதை எதிர்த்து உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018-ல் அவர்கள் மனு தள்ளுபடி ஆயிற்று. ஒரு கைப்பிடிக்கும் ஒரு கம்பி வலைக்கும் பத்து ஆண்டு வழக்கு! தடுப்போடு வருகிற வண்டியிலும் அது எத்தனை நாள் நிலைக்கிறது? “சாரி கார்டு இருந்தால் வண்டி கிழட்டு வண்டி மாதிரி இருக்கிறது” என்று இளவட்டங்கள் வாங்கிய வாரத்திலேயே கழற்றி வீட்டுப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பிறகு அதே வண்டியில் தாயாரையோ தங்கையையோ ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

ஹெல்மெட் கதையும் இதுதான். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்குமே கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2015 ஜூலை முதல் தேதி தமிழ்நாட்டில் அது அமலுக்கு வந்தது. மடியில் இருக்கும் குழந்தையைக்கூடச் சட்டம் மறக்கவில்லை. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் விதி செய்தார்கள். விதிக்கு என்ன குறை? “கொண்டையும் பூவும் கசங்கிவிடுமே” என்ற ஒரு வார்த்தையில் இத்தனையும் அடிபட்டுப் போகின்றன.

அடுத்து, பண்பாடு என்கிறார்கள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது நம் குடும்பப் பெண்களுக்கு அழகல்லவாம். இதை மட்டும் என்னால் சிரிக்காமல் கேட்க முடிவதில்லை. ஜான்சி ராணியின் சிலைகளைப் பாருங்கள். குதிரையின் இரு புறமும் கால் போட்டே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கமாக உட்காருவதைக் கண்ணியம் என்று நினைத்தவள் லண்டன் சீமாட்டி. சேலை இடம் கொடுக்காது என்பதும் முழு உண்மையல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதிகளில் மடிசார் கட்டிய மாமிகளைப் பார்க்கலாம். அந்தக் கட்டில் தாராளமாக இரு புறமும் கால் போடலாம். வயலில் வேலை செய்கிறவள் சேலையை இழுத்துச் செருகிக்கொள்ளவில்லையா?

இன்னொன்றும் கேட்கிறேன். எங்கள் ஊர்ப் பெண் பிளஸ் ஒன் படிக்கும்போது சர்க்கார் அவளுக்குச் சைக்கிள் கொடுக்கிறது. அதில் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பிறகு ஸ்கூட்டர் ஓட்டி வேலைக்குப் போகிறாள். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானியம் கொடுத்தே ஸ்கூட்டர் வாங்க வைத்தார்கள். அப்போதும் அடக்கம் கெடவில்லை. கல்யாணம் ஆகிக் கணவர் வண்டியில் பின்னால் ஏறுகிற அன்று மட்டும் இரண்டு கால்களும் ஒரே பக்கம் வந்துவிடுகின்றன. அவள் அப்பா வீட்டிலும் இதே பெண்தானே?

இந்தோனேசியாவில் ஆச்சே மாகாணத்தைச் சேர்ந்த லோக்சுமாவே நகரத்து மேயர், 2013-ல் பெண்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் இரு புறமும் கால் போட்டு உட்காரக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். பல நாடுகளின் பத்திரிகைகள் அதைக் கண்டித்து எழுதின. நம் ஊரில் அப்படி ஒரு மேயர் தேவைப்படவில்லை. மாமியார், நாத்தனார், எதிர்வீட்டுத் திண்ணை, இவ்வளவே போதுமாக இருக்கின்றன.

என் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். வயது முப்பதுக்குள். ஆடிப்பூரத் தேர் பார்த்துவிட்டுக் கணவரோடும் குழந்தையோடும் திரும்பும் வழியில் ஒரு வேகத்தடையில் விழுந்தாள். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதால் கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை. குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. அவளுக்குத் தலையில் அடி. பிழைத்து வந்தாள், ஆனால் இன்றைக்கும் நேற்றுச் சொன்னதை இன்று மறக்கிறாள், அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பார்க்கப் போனவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: “சரியாப் பிடிச்சு உக்காரத் தெரியலையே இவளுக்கு!” எத்தனை கைகளால் பிடித்திருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். காப்பி ஆறிப்போகிறது என்று பேச்சை மாற்றினார்கள்.

எனக்குப் பெண்களிடம் சொல்ல அதிகம் இல்லை. விழுந்தவளையே மறுபடி திருத்தும் வேலையில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஒரு பக்கமாகத்தான் உட்காருவேன் என்பவள் அந்தக் காலத்துச் சேணத்தின் பாடத்தை எடுத்துக்கொள்ளட்டும்: இடுப்பை முடிந்த மட்டும் முன்னால் திருப்பி, இரண்டு பாதங்களையும் படியில் ஊன்றி, ஒரு கையால் ஓட்டுபவரின் இடுப்பையும் மறு கையால் பின்கம்பியையும் பற்றிக்கொள்ளட்டும். முந்தானையை இழுத்துச் செருகட்டும். பையும் பொட்டலமும் அவள் கையில் இருக்கக் கூடாது.

எனக்குச் சொல்ல இருப்பது முன்னால் உட்காருகிறவர்களிடம். வண்டி வாங்கப் போகும்போது உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள். பின்னால் அவளை உட்காரச் சொல்லுங்கள். பிடிக்கக் கம்பி இருக்கிறதா, ஊன்றப் படி இருக்கிறதா, சக்கரத்துக்கு மூடி இருக்கிறதா என்று அவள் பார்த்துச் சரி என்றால் பணத்தைக் கட்டுங்கள். எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று கொடுத்து வாங்கும் வண்டியில் பாதி இடம் அவளுடையது. கழற்றிப் பரணில் போட்ட தடுப்பை இறக்கி மாட்டுங்கள். அவள் தலைக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள். ஆண்டாளுக்குச் சூட்டப் பூவைக் கூடையில் கொண்டுபோகலாம். வேகத்தடை வருவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அவள் சுடிதார் போட்டுக்கொண்டோ சேலையை வரிந்து கட்டிக்கொண்டோ இரு புறமும் கால் போட்டு ஏறினால் திரும்பிப் பார்த்து முறைக்காதீர்கள். திண்ணையில் இருப்பவர்கள் ஏதாவது சொன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், அவள் அல்ல.