மாந்தோலுக்கும் விலை வேண்டும்

மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளின் முன்வாசலில் பெங்களூரா ரகப் பழம் ஏற்றிய வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். பின்வாசல் வழியே தோலும் கொட்டையும் டிராக்டரில் வெளியேறும். கொட்டிய மறுநாளே குவியல் புளித்து, ஈ மொய்த்து, அடியில் கறுப்பாய் நீர் வடியத் தொடங்கும். உள்ளே போன பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இப்படிக் கழிவாகிறது.

2025-ல் பெங்களூராவின் விலை சரிந்தபோது, பறிகூலிகூடக் கட்டவில்லை என்று விவசாயிகள் குமுறினார்கள். ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் அளித்தது. இங்கும் அதுபோல வேண்டும் என்ற குரல் எழுந்தது. நியாயமான குரல்தான். ஆனால் மானியம் அந்தப் பருவத்தோடு தீர்ந்துவிடும். பழத்தின் முழு எடைக்கும் வருமானம் கிடைக்க வழிசெய்தால்தான், கூழுக்கு விலை இறங்கும் ஆண்டிலும் ஆலையால் விவசாயிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க முடியும்.

அதற்கான சரக்கு குப்பைமேட்டிலேயே இருக்கிறது. தோலில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாஞ்சிஃபெரின் உள்ளிட்ட பாலிபினால்களும், ஜாம் உறைவதற்குச் சேர்க்கும் பெக்டினும் உண்டு. கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் கொழுப்பு, சாக்லேட்டில் 5 சதவீதம் வரை சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்துள்ள ஆறு தாவரக் கொழுப்புகளில் ஒன்று.

எதைக் கொண்டு பிரித்தெடுப்பது என்பதே கேள்வி. ஆய்வகங்களில் பாலிபினால்களைப் பிரிக்க மெத்தனால் வெகுகாலமாகப் புழங்குகிறது. மெத்தனால் என்ன செய்யும் என்பதை 2024-ல் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துத் தெரிந்துகொண்டோம். எண்ணெய் ஆலைகளில் புழங்கும் ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளியின் நரம்பைப் பாதிப்பது. நச்சு குறைந்த பசுமைக் கரைப்பான்கள் இவற்றுக்கு மாற்று. உலர்த்திப் பொடித்த தோலைத் தண்ணீரும் எத்தனாலும் கலந்த கலவையில் இளஞ்சூட்டில் ஊறவைத்து வடிகட்டலாம். எத்தனாலைக் காய்ச்சி வடித்து மீட்டு மறுபடி பயன்படுத்தலாம். கொழுப்பைப் பிரிக்க, மிகை அழுத்தத்தில் கரியமில வாயு போதும். காபிக்கொட்டையிலிருந்து காஃபீனை நீக்க இந்த முறை பல பத்தாண்டுகளாகத் தொழில் அளவில் நடைமுறையில் இருக்கிறது.

தடைகளையும் மறைக்கத் தேவையில்லை. ஈரத்தோலை உடனே உலர்த்தாவிட்டால் எல்லாம் வீண். விறகையும் டீசலையும் எரித்து உலர்த்தினால் ‘பசுமை’ பெயரளவில்தான் மிஞ்சும். அழுத்தக் கலன்கள் விலை மிகுந்தவை. தோலில் பூச்சிமருந்து எச்சம் இருந்தால், பிரித்தெடுத்த சாற்றிலும் அது செறிந்து வரக்கூடும். ஆகவே பரிசோதனை கட்டாயம். அந்தச் சாற்றைச் ‘சர்வரோக நிவாரணி’ என்று விளம்பரம் செய்வதையும் அனுமதிக்கக் கூடாது. பருவம் முடிந்தபின் ஆலை சும்மா கிடக்குமே என்ற கேள்விக்கு மட்டும் விடை எளிது. நன்கு உலர்ந்த தோல் மூட்டையில் தங்கும். பிரித்தெடுப்பை ஆண்டு முழுவதும் நடத்தலாம்.

எனவே அரசு மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, ஆலைகள் பொதுவாகப் பயன்படுத்தும் சூரிய உலர்த்தி நிலையங்கள். சிறிய ஆலைகள் தனித்தனியே இதற்கு முதல் போட முடியாது. இரண்டாவது, எத்தனால் உரிமம். கள்ளச் சந்தைக்குக் கசியாதபடி கணக்கும் கண்காணிப்பும் கடுமையாக இருக்கட்டும். ஆனால் உரிமத்துக்காகத் தொழில்முனைவோரை ஆண்டுக்கணக்கில் அலையவிடக் கூடாது. மூன்றாவது, கழிவில் கிடைக்கும் வருமானத்தில் விவசாயிக்கும் பங்கு உண்டு என்பதைக் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இது இல்லாவிட்டால் முதல் இரண்டின் பலனும் ஆலை வாசலோடு நின்றுவிடும்.

தொழில்நுட்பம் கற்க வெகுதூரம் போக வேண்டாம். மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் கிருஷ்ணகிரியிலிருந்து சில மணி நேரப் பயணம். தஞ்சாவூரிலும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வேண்டியது, அங்கே குடுவையில் நடப்பதை இங்கே டன் கணக்கில் செய்துபார்க்கும் ஒரு முன்னோட்ட ஆலை. அடுத்த பருவத்தின் முதல் டிராக்டர் பின்வாசலைத் தாண்டும்போது, அது போய் நிற்க ஓர் உலர்த்திக் களமாவது தயாராக இருக்க வேண்டும்.