அகல ஜன்னல் வேண்டும், லிண்டல் மட்டும் வேண்டாமா?

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்கு வரும் முதல் ஆசைகளில் ஒன்று ஜன்னல். 4 அடி மர ஜன்னலைப் பிடுங்கிவிட்டு 8 அடிக்குக் கண்ணாடி வைக்க வேண்டும்! சட்டம் யுபிவிசியா, அலுமினியமா என்று ஒரு வாரம் வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். ஜன்னலுக்கு மேலே இருக்கும் செங்கல்லை எது தாங்கப் போகிறது என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் வரும். பதிலும் தயாராக இருக்கும். "ரெண்டு ஆங்கிளைப் போட்டு விட்டுடலாம் சார்!"

4 அடிக்கு அந்தப் பதில் ஒருவேளை ஒப்பேறலாம். 8 அடிக்கு? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சின்ன ஜன்னலுக்கு மேலே உள்ள செங்கல் முழுவதும் லிண்டல் மேல் உட்காருவதில்லை. கட்டு விட்டுக் கட்டிய செங்கற்கள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, வளைவு மாதிரி பாரத்தை இரண்டு பக்கமும் தள்ளிவிடும். லிண்டல் தாங்குவது நடுவில் ஒரு முக்கோணத்தை மட்டுமே. 4 அடி ஜன்னலுக்கு அந்த முக்கோணத்தின் உயரம் சுமார் மூன்றரை அடி. 8 அடிக்கு ஏறக்குறைய 7 அடி.

நம் வீடுகளில் லிண்டல் மட்டம் பொதுவாக 7 அடி, தளம் 10 அடி. மேலே இருப்பது வெறும் 3 அடிச் சுவர்! 8 அடி ஜன்னலுக்கு முக்கோணம் உருவாக இடமே இல்லை. அப்புறம் என்ன? 9 அங்குலச் சுவர் என்றால் செங்கல் மட்டுமே கிட்டத்தட்ட ஒரு டன். அதோடு அந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கும் தளத்தின் பாரமும் நேராக லிண்டல் தலையில்தான்.

இன்னொன்று. அடிக்கு இவ்வளவு பாரம் என்பது மாறாமல் இருந்தாலும், நீளம் இரண்டு மடங்கானால் வளைக்கும் விசை 4 மடங்காகும். அதே கம்பி என்றால் நடுவில் தொய்வது 16 மடங்கு. "போன வீட்டுல இதே ஆங்கிள்தான் போட்டோம்" என்ற பேச்சு இங்கே செல்லாது.

(தூண், பீம் போட்டுக் கட்டிய வீடுகளில் தளத்தை பீம் தாங்கிக்கொள்ளும். இங்கே பேசுவது சுவரே தூணாக நிற்கும் பழைய வீடுகளைப் பற்றி.)

புது வீடு என்றால் கான்கிரீட் லிண்டலே போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை. நிற்கிற சுவரில் கதை வேறு. கான்கிரீட் போட்டால் அது இறுகும்வரை முட்டை எடுக்க முடியாது, இரண்டு வாரமாவது ஆகும். இரும்பு வைத்த உடனே பலம் தரும், மேலே அடைக்கும் கலவை இறுகினால் போதும். அதனால் பழைய சுவருக்கு இரும்பு லிண்டல்தான் சரி. ஆனால் முறையாக வைத்தால் மட்டும்!

முறை என்ன? முதலில் சுவரின் இரண்டு பக்கமும் தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு சுவரின் பாதிக் கனத்துக்கு மட்டும் வெட்டி, ஒரு சேனலை உள்ளே நுழைத்து, மேல் இடைவெளியில் கெட்டியான சிமெண்ட் கலவையை இடித்து அடைக்க வேண்டும். அது இறுகிய பிறகே மறுபக்கப் பாதி. இரண்டு சேனலையும் போல்ட்டால் பிணைத்த பின்புதான் கீழே ஜன்னலுக்கு இடிக்க வேண்டும். பல இடங்களில் நடப்பது தலைகீழ். முதலில் ஓட்டை, அப்புறம் லிண்டல்!

இரண்டு முனையும் சுவருக்குள் 6 முதல் 8 அங்குலமாவது உட்கார வேண்டும், அதுவும் உதிரும் செங்கல் மேல் அல்ல, சின்னக் கான்கிரீட் திண்டின் மேல். துருவைத் தடுக்கும் பெயிண்ட் அவசியம். துருப்பிடித்த இரும்பு உப்பிப் பெருத்து, மேலே உள்ள செங்கல்லையே தூக்கிவிடும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பூச்சு இரும்பில் ஒட்டாது என்பதால் மேலே கம்பி வலையும் சுற்ற வேண்டும்.

சேனல் என்ன அளவு என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவர் பொறியாளர். கண்ணாடிக்குக் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் அவருக்குக் கொடுப்பது சொற்பம். அதை மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்? நல்ல நேரமாக இருந்தால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், திறக்க முடியாமல் இறுகிப்போன கண்ணாடிக் கதவு. கெட்ட நேரமாக இருந்தால் இடிக்கிற அன்றே சுவர் இறங்கும். அப்போது அதன் கீழே நிற்பது ஜன்னலுக்கு ஆசைப்பட்டவர் அல்ல, தினக்கூலிக்கு வந்த கொத்தனாரும் சித்தாளும்.

பூசி முடித்த பிறகு லிண்டல் யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் பூசும் முன்பே வீட்டுக்காரர் ஒரு முறை நின்று பார்க்க வேண்டும்.