24 வோல்ட் லாரியில் கார் ஸ்டீரியோ மாட்டலாமா?

''தேங்காய் லோடு ஏற்றப் பழைய லாரி ஒன்று வாங்கியிருக்கிறோம். வீட்டில் சும்மா கிடக்கும் கார் ஸ்டீரியோவை அதில் மாட்ட விரும்புகிறோம். லாரி 24 வோல்ட் என்பதால், இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் எடுத்தால் போதும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். அப்படிச் செய்யலாமா?''

- வாசகர், பொள்ளாச்சி.

அப்படிச் செய்தால் பாட்டு கேட்கும். ஆனால், நாளடைவில் இரண்டு பேட்டரிகளுமே கெட்டுப்போகும்.

பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். வண்டி ஓடும்போது, ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 28 வோல்ட் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எவ்வளவு போகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒன்றிலிருந்து மட்டும் ஸ்டீரியோ மின்சாரம் எடுத்தால், அந்த பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகாது. அது 13 வோல்ட்டில் நின்றால், மற்றது 15 வோல்ட்டுக்கு ஏறிவிடும். ஒன்று பட்டினி கிடக்கும். மற்றதில் தண்ணீர் கொதித்து வற்றும். ஒருநாள் அதிகாலை, லோடு ஏற்றி நிற்கும்போது செல்ஃப் எடுக்காது.

பாசிட்டிவ் பக்கத்து பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களையும் எடுப்பது இன்னும் ஆபத்து. செட்டின் கறுப்பு ஒயரும் அதன் இரும்புக் கூடும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். அந்தக் கூடு லாரி பாடியில் பட்டால் ஷார்ட் ஆகி ஒயர் தீப்பிடிக்கலாம். நேரடியாக 24 வோல்ட் கொடுத்தால் செட் எரிந்துவிடும்.

சரியான வழி, 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர். இதன் விலை, ஒரு லாரி பேட்டரியின் விலையில் சிறு பங்குதான். வாங்கும் முன் செட்டின் பின்பக்க ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்று இருந்தால், 15 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் கன்வெர்ட்டர் நல்லது. ரெசிஸ்டர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்போது வோல்ட்டும் ஏறி இறங்கும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

* முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

* கன்வெர்ட்டருக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரை இரண்டு பேட்டரிகளும் சேர்ந்த 24 வோல்ட் முனையிலிருந்து எடுங்கள். அந்த முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள்.

* வேலை முடிந்ததும் செட்டை இணைக்காமல், மீட்டரில் கன்வெர்ட்டர் அவுட்புட்டை அளந்து பாருங்கள். 12 முதல் 14 வோல்ட்டுக்குள் இருந்தால் மட்டும் இணையுங்கள்.

* பெரும்பாலான செட்களில் மஞ்சள் ஒயர் நிரந்தர சப்ளைக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு. செட்டின் மேல் ஒட்டியுள்ள படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

* ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயரை லாரி பாடியில் இணைக்கவே கூடாது.

* கன்வெர்ட்டர் சூடாகும். காற்றுபடும் இடத்தில், ரேடியோ ஏரியல் ஒயருக்குத் தள்ளி வையுங்கள். பக்கத்தில் இருந்தால் ரேடியோவில் இரைச்சல் கேட்கும்.

சும்மா இருக்கும்போதும் கன்வெர்ட்டர் கொஞ்சம் மின்சாரம் இழுக்கும். லோடு இல்லாமல் லாரி பல நாட்கள் நிற்குமென்றால், அதற்கு முன் ஒரு சுவிட்ச் வைத்து அணைத்துவிடுங்கள். கடிகாரமும் பதிந்து வைத்த ரேடியோ நிலையங்களும் அழிந்துபோகலாம், பேட்டரி மிஞ்சும்.

சில செட்களில் '12/24 வோல்ட்' என்றே அச்சிட்டிருக்கும். அதற்குக் கன்வெர்ட்டர் தேவையில்லை. சின்ன லோடு வண்டிகள் பலவும் 12 வோல்ட்தான். எனவே, எதையும் வாங்கும் முன் வண்டியில் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.