பச்சைச் சூரியன்

ஐயம்பேட்டையில் பெரியப்பா வீட்டுத் தறிக்கு மேலே, கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. காலையில் அதன் வழியே இறங்கும் வெயில் பாவு நூலின்மேல் ஒரு கோலைப்போலச் சாய்ந்து நிற்கும். உள்ளே மிதக்கும் தூசியில் பட்டுச் சிதறும் ஒளிதான் அந்தக் கோலை நமக்குக் காட்டுகிறது.

தூசி ஒளியைச் சிதறடிக்கும் இந்த வேடிக்கை ஒருமுறை வானம் முழுக்க நடந்தது. 1883 ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவில் கிரகதோவா எரிமலை வெடித்தது. இரண்டு வாரம் கழித்து, சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாக உதித்தது, பச்சையாகவே மறைந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிக்கி ஸ்மித் நிறமாலைமானி வைத்து அதை ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகம் உருவாகக் காரணமானவர் அவர்தான்.

மிக நுண்ணிய துகள்கள் நீலத்தையே அதிகம் சிதறடிக்கும். அந்தியில் சிவப்பு மிஞ்சுவது அதனால்தான். கிரகதோவா மேலே அனுப்பிய துகள்கள் சற்றுப் பெரியவை, ஏறக்குறைய ஒரே அளவானவை. அவை சிவப்பை மறித்துப் பச்சையை விட்டன. பெரியப்பாவிடம் சொன்னேன். "ஊடை மாறினா மயில்கழுத்து நெறமே மாறிப்போவுதில்ல, அந்த மாதிரிதான்" என்றார்.

தெருத்தூசியை ஒரு மழை கழுவிவிடும். இருபது கிலோமீட்டர் உயரத்தில் மழை கிடையாது. எரிமலையிலிருந்து அங்கே ஏறிய நுண்துகள் ஓரிரு ஆண்டு தங்கிவிடும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை சுமார் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடை அங்கே ஏற்றியது. அது அமிலத் துளிகளாகி, வெயிலில் ஒரு பங்கை விண்வெளிக்கே திருப்பியது. கொஞ்சம் வெப்பத்தை உறிஞ்சித் தான் இருந்த காற்றடுக்கைச் சூடாக்கியது. கீழே பூமி சுமார் அரை டிகிரி குளிர்ந்தது. 1992இல் உலகின் நிலப்பரப்பில் மழையும் குறைந்தது.

இதைப் பார்த்துத்தான், சூடேறும் பூமியைத் தணிக்க நாமே மேலே கந்தகம் தூவலாம் என்ற யோசனை பேசப்படுகிறது. எனக்கு அது பயமாக இருக்கிறது. வெயிலைக் குறைப்பதோடு நிற்காமல் அது பருவமழையின் கணக்கையும் கலைத்துவிடலாம். வானம் பார்த்துப் பிழைப்பவர்களைக் கேட்காமல் அப்படியொரு முடிவை யாரும் எடுக்கக் கூடாது.

நாளை தெருவில் பாவு நீட்ட வேண்டும். விடியுமுன் பெரியப்பா வாசலில் நின்று கிழக்கே பார்ப்பார். தூறல் வரும்போல் தெரிந்தால் நூலை வெளியே எடுக்கமாட்டார்.